வெறும் வண்டி எடை

லாரி எடை மேடையில் உட்கார்ந்திருப்பவரை யாருக்கும் பிடிக்காது. லோடு கூடினால் டிரைவர் முறைப்பான், குறைந்தால் முதலாளி முறைப்பார், சரியாக இருந்தால் இரண்டு பேருக்குமே சந்தேகம் வரும். எடைக்காரர் இருபத்தெட்டு வருஷமாக இந்த மூன்று வகை முகங்களையும் பார்த்து வந்தவர். நாலு படி ஏறினால் கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலி, சத்தம் போடும் ஒரு ஃபேன், சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. மேடைக்குப் பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணத் தெரியும். அதற்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.

ஒவ்வொரு லாரியின் பக்கவாட்டிலும் அதன் வெறும் வண்டி எடை பெயிண்டில் எழுதியிருக்கும். லோடோடு வந்த எடையில் அதைக் கழித்தால் சரக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். தொழிலே அவ்வளவுதான். ஆனாலும் எடைக்காரருக்கு ஒரு பெயர் கிடைத்தது. ஒருமுறை ஒரு ஜல்லி லாரி காலியாக மேடை ஏறியது. எழுதியிருந்த எண்ணும் பெட்டி காட்டிய எண்ணும் ஒன்றுதான். எல்லோரும் 'போகலாம் போகலாம்' என்று கத்துகிறார்கள். இவர் மட்டும் படி இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மழையில்லாத நாளில் பின்சக்கரத்துப் பக்கம் மண் நனைந்திருந்தது. தார்ப்பாயைத் தூக்கினால் இரண்டு தண்ணீர் டிரம். அந்த டிரைவர் ஸ்டெப்னி டயர், சங்கிலி, ஜாக்கி என்று ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றுவிட்டு, எடை இடிக்காமல் இருக்கத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

அன்றைக்கு எடைக்காரர் சொன்னது ஒரே வாக்கியம். "நம்பர் சரி, வண்டி சரியில்ல."

அதன் பிறகு அந்த யார்டில் அது பழமொழி ஆகிவிட்டது. டீ தண்ணியாக இருந்தால் 'நம்பர் சரி, வண்டி சரியில்ல.' தலைக்கு மை அடித்துக்கொண்டு வந்த கிளார்க்கைப் பார்த்தாலும் அதேதான். அவர் மனைவி இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பாள் என்று கணக்கில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, பழைய துணிகளைத் தையலில் பிடித்துச் சிறிதாக்குவதும், தையலை விட்டுப் பெரிதாக்குவதுமாக இருப்பவள். டிரம் கதை ஆரம்பித்தாலே மிஷினைக் கொஞ்சம் வேகமாக மிதிப்பாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் எடைக்காரருக்கு முதல் தடவையாக மூச்சு வாங்கியது. காலும் முகமும் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தார். நெஞ்சு பாதி பலத்தில்தான் ரத்தத்தை இறைக்கிறது, வெளியே போகாத நீர் உடம்பிலேயே தேங்குகிறது என்றார்கள். நீரை இறக்கி, வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் சொன்னார்:

"இப்ப உங்க எடை அறுபத்திரண்டு. உடம்புல சேர்ந்த தண்ணியெல்லாம் போன பிறகு இருக்கிற எடை. இத டிரை வெயிட்டுன்னு சொல்வோம். தெனம் காலையில எடை பாருங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ கூடினா உடனே எங்களுக்குச் சொல்லணும்."

எடைக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இத இப்படிச் சொல்றதுக்கென்ன டாக்டர்? வெறும் வண்டி எடை!"

"அப்படியே வச்சுக்குங்க," என்று டாக்டரும் சிரித்தார். "நீர் மாத்திரை காலையில ஒண்ணு, மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள ஒண்ணு. மாசம் ஒரு தடவ வந்து ரத்தம் குடுத்துட்டுப் போகணும்."

கோளாறு அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது. இதில் டாக்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெறும் வண்டி எடை என்றால் எடைக்காரருக்கு ஒரே அர்த்தம்தான். ஒருமுறை எழுதினால் எழுதியதுதான், வண்டி உடைப்புக்குப் போகும் வரை மாறாது.

வீட்டுக்கு வந்த மறுநாளே யார்டிலிருந்து மஞ்சள் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்து, புதிதாக வாங்கிய எடை மிஷின் வைத்திருந்த இடத்துக்கு நேராகப் படுக்கையறைக் கதவில் எழுதினார். வெ.வ.எ. 62.

"ஏங்க, வீட்டுக் கதவுலயா?"

"பின்ன? லாரி மேல எழுதலாம், மனுஷன் மேல எழுத முடியுமா? பச்ச குத்திக்கச் சொல்றியா?"

"அதுக்கு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினா ஆகாதா?"

"பேப்பர் கிழிஞ்சா? எடைன்னா நின்னு பேசணும்மா."

அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு, பாத்ரூம் போய்விட்டு, டீ குடிப்பதற்கு முன்னால், ஒரு கைலியோடு மிஷினில் ஏறி நிற்பார். எண்ணை அவள்தான் குனிந்து படிப்பாள், நோட்டில் எழுதுவாள். பிறகு மாத்திரை. அது அரைமணியில் வேலையைக் காட்ட ஆரம்பிக்கும். முதலில் வீட்டில் ஒரு தடவை, யார்டுக்குப் போனதும் இரண்டு தடவை. வரிசையில் நிற்கும் டிரைவர்கள் ஹாரன் அடித்தால், கீழே நிற்பவன் யாராவது "சும்மா இருங்கப்பா, ஐயா லோடு இறக்கப் போயிருக்காரு," என்பான். எடைக்காரர் பேண்ட்டைச் சரிசெய்துகொண்டு படியேறுவார். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் சாப்பாட்டில்தான் வம்பு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு தெரியாமலா சொன்னாங்க?" என்று தட்டைத் தள்ளுவார். அவளும் மல்லுக்கட்டிப் பார்ப்பாள். பாதிச் சோறு மிச்சமாகும்.

நோட்டு மட்டும் அழகாக வளர்ந்தது. 62.1. 61.9. 62.0. முதல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்றாம் மாதம் எடைக்காரரே சொன்னார். "நம்பர் அங்கேயேதான நிக்குது. எதுக்கு ஒருநாள் வேலையக் கெடுத்துக்கிட்டு அலையணும்?" அவளுக்கும் சரியென்று பட்டது. கதவில் எழுதியிருப்பதும் மிஷின் காட்டுவதும் ஒன்றாக இருக்கும்போது டாக்டர் வேறு என்ன சொல்லிவிடப் போகிறார்? தினமும் அந்த எண்ணைப் படிக்கும்போது அவளுக்கு ஒரு திருப்தி. தான் கட்டிக் காப்பாற்றுகிறோம் என்ற திருப்தி.

இடையில் அவருடைய யூனிஃபார்ம் சட்டை தோளில் இறங்கிக்கொண்டு நின்றது. "துணி தொய்ஞ்சு போச்சு," என்று அரை இஞ்ச் பிடித்தாள். ஐந்தாம் மாதம் மறுபடி முக்கால் இஞ்ச். பேண்ட் இடுப்பில் இறுக்குகிறது என்றார், அந்தத் தையலைப் பிரித்து விட்டுக் கொடுத்தாள். "எல்லாம் தண்ணியில சுருங்கறதுதான்." செருப்பு கடித்தது. "நாள் பூரா கால தொங்கப் போட்டு உக்காந்தா வீங்காம என்ன செய்யும்?" என்று ஒரு நம்பர் பெரிய செருப்பு வாங்கினாள். கைக்கடிகாரம் மணிக்கட்டில் சுழன்றது, அதன் வாரில் இன்னொரு ஓட்டை போட்டாள். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. எல்லாப் பதிலையும் சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் நேரம் இல்லை.

ஏழாம் மாதம் ஒரு நாள் முற்பகல் பதினோரு மணி. மேடையில் எட்டு லாரி வரிசை. எடைக்காரர் பின்பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்து, நாலு படியில் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நாலாவது வண்டி அவருடைய மைத்துனனுடையது. மனைவியின் தம்பி. ஹாரன் அடிக்கப் போனவன் மாமா உட்கார்ந்திருக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"மாமா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல மாப்ள. படி... கூடிடுச்சு போல."

"நாலு படிதான மாமா எப்பவும்?"

பதில் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை. முன்னால் நின்ற வண்டிகளை ஒதுக்கச் சொல்லி, தம்பி அவரைத் தூக்கித் தன் லாரியில் வைத்தான். யார்டை விட்டு வெளியே போக மேடையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது எடைக்காரர் அந்த நிலையிலும் தலையைத் திருப்பிச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். பழக்க தோஷம்.

வீட்டு வாசலில் லாரி நின்றது. அவள் செருப்பை எடுக்கவில்லை, நோட்டை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அவரைச் சாய்த்து உட்கார வைத்து, மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். டாக்டர் நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துப் பார்த்து, நர்ஸிடம் வேகமாக என்னவோ சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் ஐம்பது வயதுக்காரி. அவசரம் அவள் கையில் இருந்தது, முகத்தில் இல்லை.

"நீர் மாத்திர ஒழுங்கா போட்டாரா?"

"ஒரு வேள தப்பல சிஸ்டர்." மனைவி நோட்டை விரித்தாள். "பாருங்க. ஏழு மாசம். ஒரு நாள்கூட ரெண்டு கிலோ கூடல. இன்னிக்குக் காலைல கூட அறுபத்திரண்டு."

சக்கரம் வைத்த எடை நாற்காலியைக் கொண்டுவந்து ஏற்றிப் பார்த்தார்கள். 62.3.

"நான் சொல்லல?" என்றாள். அவளுக்கே தன் குரல் ஜெயித்தவள் குரல் மாதிரிக் கேட்டது.

நர்ஸ் குனிந்து எடைக்காரரின் முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. முழங்காலுக்கு மேல் அழுத்தினாள், அங்கும் குழி. தொடையிலும் குழி. பிறகு அவருடைய மேல்கையை இரண்டு விரலால் பிடித்தாள். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுவிடும் போலிருந்தது.

"சட்ட யாரு தெச்சது?"

"நான்தான். தோள்ல ரெண்டு தடவ பிடிச்சேன்."

"எவ்வளவு?"

"மொதல்ல அர இஞ்ச். அப்புறம் முக்கா."

"பேண்ட்டு?"

"இடுப்புல... விட்டேன்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். திட்டும் பார்வை இல்லை. "தோள் இளைக்கிற ஆளுக்கு இடுப்பு எப்படிம்மா பெருக்கும்? சரியா சாப்பிடறாரா?"

"பாதிதான்."

"அப்ப சதை கரைஞ்சிருக்கு. நெஞ்சு பலவீனமா இருக்கிறவங்களுக்கு அப்படி ஆகும். சதை போக போக அந்த எடத்துல தண்ணி ஏறியிருக்கு. அது ஒரு கிலோ போச்சு, இது ஒரு கிலோ வந்துச்சு. மிஷினுக்கு என்ன தெரியும்?"

அவள் நோட்டைப் பார்த்தாள். 62.0 என்று தன் கையெழுத்து. பக்கம் முழுக்க அதே.

"நம்பர் சரி," என்று அவள் ஆரம்பித்தாள். மேலே வரவில்லை.

ஆக்சிஜன் குழாய்க்குப் பின்னாலிருந்து எடைக்காரர்தான் முடித்தார். "வண்டி சரியில்ல."

அவளுக்கு அழுகை வரும் என்று நர்ஸ் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். அழுகை வரவில்லை. ரொம்ப நேரம் ஒரே காலில் உட்கார்ந்து மிஷின் மிதித்தால் கால் மரத்துப்போகுமே, கிள்ளினாலும் வேறு யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, உள்ளே அப்படி இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்து, ஊசிக்கு மருந்து எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற மருந்தா சிஸ்டர்?"

"அதே நீர் மாத்திரையோட மருந்துதான், ஃபுரோசமைடு. குடலே வீங்கிக் கெடந்தா மாத்திரை சரியா உள்ள சேராதும்மா. அதனால நேரா ரத்தத்துல குடுக்கறோம்."

"அது உள்ள போய் என்ன பண்ணும்?" என்று தம்பி கேட்டான்.

"கிட்னியில பொடிப்பொடியா குழாய் இருக்கு. ஒவ்வொண்ணும் பாதியில ஒரு வளைவு வளையும். கொண்ட ஊசி வளைவு தெரியுமா தம்பி?"

"லாரி ஓட்டறவன்கிட்ட கேக்கற கேள்வியா சிஸ்டர்?"

"அந்த வளைவு திரும்பி மேல ஏறுற பக்கம் ஆள் நிக்கறாங்கன்னு வையி. வெளிய போற லோடுலேந்து உப்ப எடுத்து மறுபடி உடம்புக்குள்ள தள்ளறதுதான் அவங்க வேல. இந்த மருந்து அவங்க கையக் கட்டிப்போடும். உப்பு வெளிய போயிடும். உப்பு எங்க போகுதோ, தண்ணி பின்னாடியே போகும்."

"அப்ப உப்பு கூட சாப்பிட்டா?"

"இந்தப் பக்கம் இறக்க இறக்க அந்தப் பக்கம் ஏத்தற கதை."

தம்பி மாமாவைப் பார்த்தான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி அறை டிராயரில் உப்புக்கடலை இருக்கும் விஷயம் யார்டு முழுக்கத் தெரியும், அக்காவுக்கு மட்டும் தெரியாது. இருவர் முகத்தையும் பார்த்ததில் இப்போது தெரிந்துவிட்டது. வேறொரு நாளாக இருந்தால் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

நர்ஸ் ஊசியைக் கடிகாரம் பார்த்து மெதுவாக ஏற்றினாள். தம்பிக்குப் பொறுக்கவில்லை. "சீக்கிரம் போட்டா சீக்கிரம் இறங்கும்ல?"

"வேகமா ஏத்தினா காது இரையும். கேக்காமலேகூடப் போகலாம். உங்க மாமா ஹாரன் சத்தம் கேக்க வேணாமா?"

கட்டிலுக்கடியில் சிறுநீர் அளக்கும் குடுவை. இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் குனிந்து பார்த்து, "இது பத்தாது," என்றாள். டாக்டரிடம் சொல்லி அளவை இரட்டிப்பாக்கினார்கள். பிறகுதான் இறங்க ஆரம்பித்தது. ரத்தப் பரிசோதனை வந்தது. உப்போடு பொட்டாசியமும் போய்விட்டிருக்கிறது, அதற்கும் மருந்து வேண்டும் என்றார்கள்.

"கெண்டக்கால் இழுக்குதுன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. தைலம் தேச்சேன்."

"கால் இழுக்கறதோட நிக்காதும்மா. ரொம்பக் குறைஞ்சா நெஞ்சு தாளம் தப்பிடும். அதுக்குத்தான் மாசாமாசம் ரத்தம் பாக்கச் சொல்றது."

"நம்பர் சரியா இருந்துச்சு," என்றாள் மறுபடி. வாதமாகச் சொல்லவில்லை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த காலைகளில் எடை இறங்கியது. 61. 59.8. 58.5. 57.2. டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். தலை சுற்றுகிறதா என்று கேட்டார், ரத்தத்தை மறுபடி மறுபடி பார்த்தார். இன்னும் இறக்கலாமா, போதுமா என்று தினமும் யோசித்தார். தண்ணீர் இறங்க இறங்க, அடியில் இருந்த ஆள் தெரிய ஆரம்பித்தார். முதலில் கணுக்கால் எலும்பு. பிறகு முழங்கால். எல்லோரும் "நல்லா இறங்குது" என்று சந்தோஷப்பட்டார்கள். மூச்சும் சீரானது, எடைக்காரர் படுத்துத் தூங்கினார். அவள் மட்டும் வாடிக்கையாளர் கொண்டுவந்த துணியைப் பார்ப்பது போல அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே எவ்வளவு குறைந்திருக்கிறது என்று.

ஆறாம் நாள் காலை அவரைத் தாங்கி எடை நாற்காலிக்கு நகர்த்தும்போது அவள் கை அவர் முதுகைச் சுற்றியது. விலா எலும்புகளை எண்ணலாம். 56.1.

நோட்டில் எழுதினாள். எழுதிவிட்டு அப்படியே நின்றாள். ஆறு கிலோ. ஏழு மாதமாக இந்த மனுஷன் அவள் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால், அந்த இடத்தில் வந்து நின்ற தண்ணீரை அவர் என்று அவள் எழுதி வைத்திருக்கிறாள். சட்டையைக்கூடப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள், யாருக்கும் தெரியாதபடி. வெட்கமாக இருந்தது. ஆறு நாளில் அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை.

"இப்ப அம்பத்தாறு. *இப்ப*ன்னு சொல்றேன், கவனிங்க. நல்லா சாப்பிட்டு சதை போட்டா இந்த நம்பர் மேல போகும். இளைச்சா கீழ போகும். மாசாமாசம் நாங்க பாத்து மாத்தணும். எடையோட சேர்த்துக் காலையும் அழுத்திப் பாருங்க, எத்தன தலகாணி வச்சுத் தூங்கறாருன்னு பாருங்க, தலகாணி கூடினா படுத்தா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம்."

"சரிங்க டாக்டர்."

"நல்லா இருக்குன்னு மாத்திரைய நிறுத்தக் கூடாது, வீங்குதுன்னு நீங்களா கூட்டவும் கூடாது. வாந்தி பேதின்னா போடறதுக்கு முன்னாடி போன் பண்ணிக் கேளுங்க, உடம்பு வறண்டு கிட்னி அடிபடும். முட்டி வலி முதுகு வலின்னு கடையில வாங்கி எதையும் முழுங்காதீங்க. அது இந்த மருந்தோட வேலையவே கெடுத்துடும்."

எடைக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு, "இருபத்தெட்டு வருஷம் டாக்டர்," என்றார். "ஒரு வண்டியும் என்ன ஏமாத்தினதில்ல."

வீட்டுக்கு வந்தவர் நேராகப் படுக்கையறைக் கதவின் முன்னால் போய் நின்றார். மஞ்சள் எழுத்து பளிச்சென்று இருந்தது. அவள் அவருடைய யூனிஃபார்ம் சட்டையை எடுத்து, இரண்டு தடவை பிடித்த தையலையும் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பிடிக்கணும்ல அத? நீ ஏன் விடறே?"

"பிடிக்க மாட்டேன். தொளதொளன்னே போடுங்க. பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, "அந்தப் பெயிண்ட் டப்பாவ எங்க வச்சே?" என்றார். "நம்பர மாத்தணும்."

அவள் எழுந்து மிஷின் டிராயரைத் திறந்தாள். துணியில் குறி வைக்கும் சாக்பீஸ் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் அறுபத்திரண்டின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு, அதன் கீழே 56 என்று எழுதினாள். அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"பெயிண்ட் காஞ்சு போச்சா?"

"இருக்கு."

"பின்ன சாக்பீஸ்ல எழுதறே? கை பட்டா அழிஞ்சிடுமே."

"அழியட்டும். அடுத்த மாசம் வேற எழுதணும்ல."

அவர் அந்த எண்ணையே பார்த்தார். வேற என்றால் கூடவா குறையவா என்று கேட்க வாயெடுத்தார். அவள் குனிந்து அவர் முன்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். விரலை எடுத்துவிட்டு, குழி விழுகிறதா என்று நிமிராமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை. அவள் பார்த்து முடிக்கும் வரை காலை அசைக்காமல் நின்றார்.